இருபதில் பத்தொன்பது இட்டுக்கட்டியது

"இந்தக் காலத்துல போய் ஃபுல் எச்டி யாரு சார் வாங்குறா?" டிவி விற்கும் கடைகளில் இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் பல வருடமாகிறது. அட்டைப்பெட்டியைப் பிரித்து யூடியூபில் காட்டும் தம்பிகளும் இதையேதான் ஓதுகிறார்கள்: "43 இன்ச் போனா கண்ணை மூடிக்கிட்டு ஃபோர்கே எடுங்க." கண்ணை மூடிக்கொள்வதாக இருந்தால் ரெசல்யூஷன் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்ததா, 43 இன்ச் பக்கம் கூட்டம் சேர்ந்தது. மந்திரத்தின் சத்தமும் கூடிவிட்டது.

முதல் வாதம், "நாலு மடங்கு தெளிவு." ஃபுல் எச்டியில் 1920 x 1080, அதாவது சுமார் 21 லட்சம் பிக்சல். ஃபோர்கேயில் 3840 x 2160, சுமார் 83 லட்சம். பெருக்கல் சரிதான். பார்க்கப்போகிற கண்ணைத்தான் கணக்கில் சேர்க்கவில்லை. 43 இன்ச் டிவியின் திரை அகலம் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். அதை 1920 ஆகப் பிரித்தால் ஒரு பிக்சல் அரை மில்லிமீட்டர். ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு அளவுக்குத்தான் சராசரி நல்ல கண் பிரித்துப் பார்க்கும். கண் டாக்டர் சுவரில் மாட்டியிருக்கும் எழுத்து அட்டையே இந்தக் கணக்கில் வரைந்ததுதான். இதன்படி ஐந்தரை அடியைத் தாண்டினால் அந்த அரை மில்லிமீட்டர் புள்ளி பக்கத்துப் புள்ளியோடு கலந்துவிடும். ஃபோர்கேயின் ஒவ்வொரு புள்ளியையும் பார்த்துக் காசை வசூல் செய்ய வேண்டுமானால் மூன்றடிக்குள் போய் உட்கார வேண்டும். சின்ன வயதில் "தள்ளி உட்காருடா, கண்ணு கெட்டுடும்" என்று அம்மா அதட்டிய அதே தூரம். நம் வீட்டு ஹாலில் சோபா எட்டடி, பத்தடி தள்ளித்தான் கிடக்கிறது. இன்னொன்று. நாற்பதடித் திரை போட்ட தியேட்டர்கள் பலவற்றில் 2கே புரொஜெக்டர்தான் ஓடுகிறது. குறுக்கே 2048 பிக்சல், ஒவ்வொன்றும் ஆறு மில்லிமீட்டர். முதல் நாள் முதல் காட்சி பார்த்துவிட்டு, பிக்சல் தெரிகிறது, டிக்கெட் காசைத் திருப்பிக் கொடு என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த வாதம். "சேனல் எதுவா இருந்தாலும் டிவியே அதை ஃபோர்கே ஆக்கிடும் சார், அப்ஸ்கேலிங் இருக்கு!" ஒரு கடையில் இதை நம்பிக்கையோடு சொன்ன இளைஞரிடம், "அப்படியா தம்பி, சாதாரண கேபிள் சேனல் ஒண்ணு போட்டுக் காட்டுங்களேன்" என்றேன். முகம் சற்று வாடியது. "இங்க கேபிள் கனெக்‌ஷன் இல்ல சார், டெமோ மட்டும்தான்." டெமோ என்பது பென் டிரைவில் ஓடும் படம். பஞ்சவர்ணக்கிளி, தேன் சொட்டும் கரண்டி, இரவில் மின்னும் ஏதோ ஒரு வெளிநாட்டு நகரம். நிறத்தை உச்சத்தில் வைத்து, நம்மை இரண்டடியில் நிறுத்திக் காட்டுகிறார்கள். ஊரில் இத்தனை டிவி விற்கும் கடையில் டிவி பார்க்க மட்டும் வசதியில்லை!

வீட்டில் நாம் பார்ப்பது கிளியையா? எச்டி பேக் போடாத வீட்டில் செட்-டாப் பாக்ஸ் கொடுப்பது எஸ்டி படம், அதிகபட்சம் 720 x 576. சுமார் 4 லட்சத்து 15 ஆயிரம் பிக்சல். ஃபோர்கே திரை அதைப் போல் சரியாக இருபது மடங்கு. ஆக, திரையில் தெரியும் இருபது புள்ளிகளில் ஒன்றுதான் சேனல் அனுப்பியது. மீதி பத்தொன்பதும் டிவி தானாக ஊகித்து நிரப்பியவை. ஒரு கரண்டி மாவில் இருபது தோசை. எச்டி பேக் போட்டவர்களுக்கும் நான்கில் மூன்று இட்டுக்கட்டியதுதான். விலையுயர்ந்த டிவியில் இந்த ஊகத்தைச் செய்ய நல்ல சிப் இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். நமக்கு விற்கப்படும் மலிவு 43 இன்ச்சில் என்ன நடக்கிறது? சீரியல் மாமியாரின் முகம் மெழுகு பூசியதுபோல வழவழக்கிறது. செய்திச் சேனலில் கீழே ஓடும் எழுத்துகளைச் சுற்றி வெள்ளைக் கோடு கட்டுகிறது. கிரிக்கெட் மைதானத்தில் கேமரா திரும்பினால் புல்லெல்லாம் பச்சை பெயின்ட் ஆகிவிடுகிறது. ஃபுல் எச்டி திரையும் எஸ்டி படத்தில் ஐந்துக்கு நான்கு புள்ளி ஊகிக்கத்தான் செய்கிறது. ஆனால் அது தன்னை ஃபோர்கே என்று சொல்லிக்கொள்வதில்லை.

"இனிமே எல்லாமே ஃபோர்கேலதான் சார் வரும், பத்து வருஷத்துக்குக் கவலையில்ல." 2015 உலகக் கோப்பை கிரிக்கெட் நேரத்திலேயே டாடா ஸ்கை 4கே பெட்டியை இறக்கிவிட்டது. பத்து வருஷம் ஓடிவிட்டது. நம் சீரியல் சேனல்கள் இன்னும் எச்டியோடுதான் நிற்கின்றன. ஓடிடி இருக்கிறதே என்பார்கள். நெட்ஃபிளிக்ஸில் மாதம் 649 ரூபாய் திட்டம் போட்டால்தான் 4கே. 499 ரூபாய்த் திட்டம் ஃபுல் எச்டியோடு சரி. நிமிடத்துக்கு ஒருமுறை வட்டம் சுற்றாமல் பார்க்க 15 எம்பிபிஎஸ் வேகம் வேண்டும். மணிக்கு 7 ஜிபி வரை தின்னும். ஹாட்ஸ்பாட்டில் டிவி பார்க்கிற வீடுகளுக்கும் "எதிர்காலம்" என்று இதைத்தான் விற்கிறார்கள். அந்த எதிர்காலம் வருவதற்குள் டிவிக்குள் இருக்கும் 2 ஜிபி ராம் மூச்சுத் திணற ஆரம்பித்து, ரிமோட்டை அமுக்கி டீ குடித்துவிட்டு வந்தால்தான் ஆப் திறக்கும்.

வெளிச்சமும் இருட்டும் இன்னும் எடுப்பாகத் தெரியும் என்று சொல்லி விற்கிற எச்டிஆர்? எச்டிஆர் படங்கள் பெரும்பாலும் ஆயிரம் நிட்ஸ் வெளிச்சத்தை மனதில் வைத்துத் தயாரானவை. மலிவு பேனல் 250, 300 நிட்ஸைத் தாண்டாது. பெட்டியின் மேல் ஒட்டிய ஸ்டிக்கர்தான் நன்றாக மின்னுகிறது.

"நல்ல பேனல் எல்லாம் இப்ப ஃபோர்கேலதானே வருது?" வரட்டும். அப்படியென்றால் பேனலுக்காக வாங்குகிறோம் என்று சொல்லிவிட்டு வாங்குங்கள். கறுப்பு கறுப்பாகத் தெரிகிறதா, பகலில் ஜன்னல் திறந்திருக்கும்போது படம் தெரிகிறதா, பக்கவாட்டில் தரையில் உட்கார்ந்து பார்த்தால் நிறம் வெளுக்கிறதா என்று கேளுங்கள். பிக்சல் எண்ணிக்கைக்கும் இந்த மூன்றுக்கும் சம்பந்தமில்லை. கம்ப்யூட்டரை இணைத்து இரண்டடியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களை நான் சொல்லவில்லை, அவர்கள் தாராளமாக ஃபோர்கே வாங்கட்டும்.

கடைசி அஸ்திரம்: "வித்தியாசம் நாலாயிரம்தான் சார்." நாலாயிரத்துக்கு ஒரு சுமாரான சவுண்ட்பார் வந்துவிடும். மெலிசாக வேண்டும் என்று டிவியை இளைக்க வைத்ததில் ஸ்பீக்கர் தரையைப் பார்த்துக் கவிழ்ந்துவிட்டது. பின்னணி இசை கூரையைப் பிளக்கும், வசனம் மட்டும் கேட்காது. பாட்டி ரிமோட்டைப் பிடுங்கி நாற்பதுக்கு ஏற்றுவார். சண்டைக் காட்சி வந்ததும் பேத்தி ஓடிவந்து பத்துக்கு இறக்குவாள். கடையிலோ வரிசையாக மாட்டிய அத்தனை டிவியும் ம்யூட்டில் ஓடுகிறது. ரிமோட்டைக் கேட்டு வாங்கி, சத்தத்தை ஏற்றி, யாராவது பேசுகிற காட்சி ஒன்றைப் போடச் சொல்லிப் பாருங்கள். அதற்குள் அந்தத் தம்பி, "எயிட்கே கூட வந்தாச்சு சார்" என்று ஆரம்பித்திருப்பார்.