பேய்க்கதைக்காரர் என்று ஒதுக்கலாமா?

2024 நவம்பர் 10 அன்று மதுரையில் எழுத்தாளர் இந்திரா சௌந்தர்ராஜன் காலமானார். நான் படித்த அஞ்சலிகளில் பலவும் ‘மர்மதேசம்’ தொலைக்காட்சித் தொடரைச் சொல்லிவிட்டு, ‘அமானுஷ்யக் கதை மன்னன்’ என்று பட்டம் கொடுத்து முடித்துக்கொண்டன. எனக்கு அது போதவில்லை.

எங்கள் ஊர் கடையத்தில் பீடி சுற்றாத தெரு குறைவு. கை பாட்டுக்கு இலையை வெட்டி, தூளை வைத்துச் சுருட்டிக்கொண்டிருக்கும். காது சும்மாதானே இருக்கிறது? மதினிமார் சுற்ற, பள்ளிக்கூடம் போகிற நான் மாத நாவல் வாசிப்பேன். ராஜேஷ்குமார் என்றால் “சீக்கிரம் வாசி, கொன்னது யாருன்னு பாப்போம்” என்பார்கள். இந்திரா சௌந்தர்ராஜன் என்றால் “மெதுவா வாசிளா.” இதைவிட நல்ல விமர்சனத்தை நான் எந்தப் பத்திரிகையிலும் படித்ததில்லை.

ஏன் மெதுவாக? அவர் கதையின் பயம் அவர்களுக்குப் பழகிய பயம். சுடலைமாடன் கொடையில் நடுச்சாமத்தில் சாமியாடி வேட்டைக்குக் கிளம்பும்போது கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தவர்கள் அவர்கள். காரையார் சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனுக்குச் செருப்பு காணிக்கை வைக்கிறார்களே, அவன் யார்? பிராமணனாகப் பிறந்து, செருப்புத் தைக்கிற வீட்டுப் பெண்கள் பொம்மக்காவையும் திம்மக்காவையும் கட்டிக்கொண்டு, மாடு களவாட வந்தவர்களோடு மல்லுக்கட்டிச் செத்தவன். எங்கள் பக்கத்துச் சாமிகளில் பாதி அநியாயமாகச் செத்தவர்கள்தான். அவர்களுக்குப் பயப்படுவது பேய்க்குப் பயப்படுவது அல்ல, செய்த தப்புக்குப் பயப்படுவது.

‘விட்டு விடு கருப்பா’ நாவல் இந்தக் கணக்கில்தான் நடக்கிறது. அதைத்தான் இயக்குநர் நாகா சன் டிவியில் ‘மர்மதேசம்’ வரிசையில் ‘விடாது கருப்பு’ ஆக்கினார். தப்புச் செய்தவனைத் தேடிக் காவல் தெய்வமான கருப்பு வரும். மனநல மருத்துவமும் தன் பங்குக்கு ஒரு விளக்கம் சொல்லும். மூடநம்பிக்கை வளர்த்தார் என்று அவரைத் திட்டுகிறவர்கள் இந்த இரண்டாவது பாதியைப் பார்ப்பதில்லை. எங்கள் திண்ணையில் ரெண்டு கட்சி உண்டு. டாக்டர் சொன்னதுதான் சரி என்று சின்ன மதினி ஒற்றையாக நின்றாள். அதே வரிசையில் ‘ரகசியம்’ வந்தபோது சண்டையே இல்லை. சித்தர் தேரையர் வாழ்ந்ததாகச் சொல்லும் தோரணமலை பக்கத்தில் இருக்க, சித்த மருத்துவத்தைச் சுற்றிய கதையை யார் சந்தேகப்படுவார்கள்?

குறையும் சொல்லவேண்டும். பின்னாளில் எழுதிய பலவற்றில் பயம் குறைந்து உபதேசம் ஏறிவிட்டது. பாத்திரங்கள் பேசுவதை விட்டுப் பிரசங்கம் செய்தார்கள். அங்கெல்லாம் நான் பக்கம் தள்ளித்தான் வாசித்தேன். ஆனால் புதுமைப்பித்தன் ‘காஞ்சனை’ எழுதினால் இலக்கியம், இவர் எழுதினால் பேருந்து நிலையச் சரக்கு என்று படிக்காமலே பிரிப்பது நியாயமில்லை. இவரை வில்லுப்பாட்டுக்காரர்களின் வாரிசாக வைத்துப் படிக்கவேண்டும் என்பேன். அவர்கள் வில்லில் பாடிய முத்துப்பட்டன் கதையை, அதாவது அந்தப் பட்டவராயன் கதையை, நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் நா. வானமாமலை தேடிப் பதிப்பித்ததால்தான் இன்று ஆய்வு மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள்.

இவர் கதைகளையும் அப்படி யாராவது காக்கவேண்டும். மாத நாவலின் தாள் மட்டம், சீக்கிரம் உதிர்ந்துவிடும். 1958-ல் சேலத்தில் பிறந்தாலும் இந்திரா சௌந்தர்ராஜன் வாழ்ந்தது மதுரையில். அங்கே 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் அவருடைய மாத நாவல்களை, அந்த அட்டைப்படங்களோடு, முழுசாகத் திரட்டி வைக்கலாம். பழைய புத்தகக் கடைகளில் இப்போதும் கிடைக்கின்றன.