நிழல் போல் தொடரும் கோப்புகள்



சென்ற ஆண்டு என் வகுப்பில் பயின்ற மாணவன் ஒருவன், மற்றவர்கள் எல்லாரும் சென்ற பிறகு தயங்கித் தயங்கி என்னிடம் வந்தான். அவனுக்குச் சிறு வயது முதலே பேச்சில் சற்றுத் திக்கல் உண்டு. வீட்டில் அதைப்பற்றி யாரும் பேசுவதில்லை, அவனும் பேசியதில்லை. ஒருநாள் இரவு வீட்டுக் கணிப்பொறியில், திக்கிப் பேசுவதற்குக் காரணம் என்ன, பயிற்சியால் அது சீராகுமா என்று தேடிப் படித்திருக்கிறான். படித்து முடித்ததும், பார்த்த பக்கங்களின் பட்டியலை ஒன்று விடாமல் அழித்துவிட்டே எழுந்திருக்கிறான். மறுநாள் காலை அவன் தந்தை அதே கணிப்பொறியில் கிரிக்கெட் செய்தி படிக்க உட்கார்ந்தார். பக்கத்தின் ஓரத்தில் ஒரு விளம்பரம், திக்குவாய்க்குச் சிகிச்சை என்று. அதற்குக் கீழே அதே போல் இன்னொன்று. தந்தை திரும்பி மகனைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

"நான்தான் எல்லாவற்றையும் அழித்துவிட்டேனே, சார்! பிறகு எப்படித் தெரிந்தது?" என்று கேட்டான் அவன்.

நல்ல கேள்வி. அன்று அவனுக்குச் சொன்ன விடையையும், அதன் பின் என் மனத்தில் உறுதிப்பட்ட ஒரு கருத்தையும் உங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

மறதிக்கார இயந்திரம்

இணையப் பக்கங்களை நமக்கு அனுப்பி வைக்கும் கணிப்பொறிகளுக்கு இயல்பில் நினைவாற்றல் கிடையாது. நீங்கள் ஒரு பக்கத்தைக் கேட்கிறீர்கள், அது அனுப்புகிறது, அத்துடன் உங்களை மறந்துவிடுகிறது. அடுத்த நொடியே இன்னொரு பக்கத்தைக் கேட்டாலும், முன்பு கேட்டவரும் நீங்களே என்று அதற்குத் தெரியாது. இப்படிப்பட்ட மறதிக்காரரிடம் கடை வைக்க முடியுமா? ஒரு புத்தகத்தைத் தேர்ந்தெடுத்துக் கூடையில் போட்டுவிட்டு அடுத்ததைப் பார்க்கப் போனால், கூடை யாருடையது என்பதே மறந்து போகும்.

1994-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மான்டுல்லி என்ற இளம் பொறியாளர் இதற்கு ஒரு வழி கண்டார். கோயில் வாசலில் செருப்பு விடும் இடத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே இருப்பவர் உங்கள் முகத்தை நினைவில் வைத்துக்கொள்வதில்லை. ஒரு டோக்கன் தருகிறார். திரும்பி வந்து அதை நீட்டினால் உங்கள் செருப்பு கிடைத்துவிடுகிறது. நினைவு அவரிடம் இல்லை. உங்கள் கையில் உள்ள டோக்கனில் இருக்கிறது. மான்டுல்லி செய்ததும் இதுவே. பக்கத்தை அனுப்பும் கணிப்பொறி, அத்துடன் ஒரு சிறு எண்ணையும் அனுப்பும். உங்கள் உலாவி அதை உங்கள் கணிப்பொறியிலேயே சேமித்து வைத்து, அடுத்த முறை அதே தளத்துக்குச் செல்லும்போது நீட்டிக் காட்டும். இதற்குக் 'குக்கி' என்று பெயர். பெரும்பாலும் நான்கு கிலோபைட்டுக்கு மேற்படாத வெறும் எழுத்துக் குறிப்பு அது. அது நோய்க்கிருமி போன்ற நிரல் அன்று; தானாக எதையும் இயக்காது. தேர்வு முடிவு பார்க்கும் தளமும், இரயில் முன்பதிவுத் தளமும் இது இல்லாமல் செவ்வனே நடைபெறா.

ஆகவே குக்கி என்றாலே தீமை என்று எண்ணிவிடாதீர்கள். டோக்கன் நல்லதுதான். அதைத் தருபவர் யார் என்பதே கேள்வி.

மூலையில் அமர்ந்திருப்பவர்

நீங்கள் பார்க்கும் செய்திப் பக்கம் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. செய்தி ஓரிடத்திலிருந்து வரும். ஓரத்திலுள்ள விளம்பரக் கட்டம் வேறொரு நிறுவனத்தின் கணிப்பொறியிலிருந்து வரும். அக்கட்டத்தைக் கொண்டு வரும்போது அந்த நிறுவனமும் உங்களுக்கு ஒரு டோக்கன் கொடுத்துவிடுகிறது. நீங்கள் அதன் வாசலுக்குப் போகவே இல்லை. ஆனாலும் டோக்கன் உங்கள் பையில் வந்து விழுந்துவிட்டது. இதற்கு மூன்றாம் தரப்புக் குக்கி என்று பெயர்.

இதில் என்ன கேடு? அதே நிறுவனத்தின் கட்டம் இன்னும் ஆயிரக்கணக்கான தளங்களிலும் இருக்கிறது. கோயில், நூலகம், மருந்துக் கடை, வங்கி என்று நீங்கள் போகும் ஒவ்வோர் இடத்திலும் ஒரே ஆள் மூலையில் அமர்ந்து, உங்கள் டோக்கனைப் பார்த்துப் பேரேட்டில் எழுதுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். '47-ஆம் எண் இன்று மருந்துக் கடைக்கு வந்தது. இன்ன மருந்து கேட்டது.' உங்கள் பெயர் அவனுக்குத் தெரிய வேண்டிய தேவையே இல்லை. எண் போதும். என் மாணவன் வீட்டில் நடந்தது இதுவே. அவன் அழித்தது தன் நாட்குறிப்பை மட்டும். டோக்கன் பையிலேயே இருந்தது.

இந்த ஆபத்தை அறிஞர்கள் முன்பே உணர்ந்திருந்தனர். குக்கிகளைப் பற்றிய முதல் இணைய விதிமுறை ஆவணம் 1997 பிப்ரவரியில் வெளியாயிற்று. பயன்படுத்துபவர் தாமாக விரும்பினாலன்றி மூன்றாம் தரப்புக் குக்கிகளை உலாவிகள் ஏற்கலாகாது என்பது அதன் கருத்து. அன்றைய இரு பெரும் உலாவிகளும் அதைப் பின்பற்றவில்லை. விதி ஏட்டில் நின்றது, வணிகம் வளர்ந்தது. ஆப்பிளின் சஃபாரி உலாவி 2020-இல்தான் அவற்றை முழுவதும் தடுத்தது. ஃபயர்பாக்ஸ் 2022-இல் ஒவ்வொரு தளத்தின் குக்கிகளையும் தனித்தனிப் பெட்டிகளில் பூட்டி வைக்கத் தொடங்கியது. குரோம் உலாவியில் அவற்றை ஒழிக்கப் போவதாக 2020-இல் அறிவித்த கூகுள், பலமுறை தள்ளிப் போட்டு, 2024-இல் அத்திட்டத்தைக் கைவிட்டது. ஆகவே அந்த உலாவியில் தடுப்புப் பொத்தானை நாமேதான் தேடி அழுத்த வேண்டும்.

துடைப்பம் எட்டாத இடம்

'அப்படியானால் குக்கிகளை எல்லாம் அழித்துவிட்டால் போயிற்று' என்பீர்கள். அழிக்கத்தான் வேண்டும். ஆனால் அதன் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். டோக்கனை நீங்கள் கிழித்துப் போடலாம். பேரேடு அவன் கையில் அல்லவா இருக்கிறது? இதுவரை எழுதியது எழுதியதே. இனி எழுதப்படும் குறிப்புகள் பழைய பக்கத்தோடு சேராமல் இருக்கும், அவ்வளவுதான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. உங்கள் கணிப்பொறியில் எந்தக் கோப்பையும் வைக்காமலேயே உங்களை அடையாளம் காண முடியும். திரையின் அளவு, எழுத்துருக்கள், மொழி, நேர மண்டலம், உலாவியின் பதிப்பு ஆகியவற்றை உங்கள் உலாவியிடமிருந்து எந்தத் தளமும் அறிந்துகொள்ளலாம். இவை ஒவ்வொன்றும் அற்பமான செய்திதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆம், இல்லை என்று சரிபாதியாகப் பிரிக்கும் ஒரு கேள்வி, கூட்டத்தைப் பாதியாகக் குறைக்கிறது. இதனை ஒரு 'பிட்' தகவல் என்கிறோம். இரண்டை முப்பத்து மூன்று முறை தன்னால் பெருக்கினால் ஏறத்தாழ 859 கோடி வரும். உலக மக்கள் தொகை 800 கோடியைத் தாண்டியது 2022 நவம்பரில். எனவே, பொருத்தமான முப்பத்து மூன்று கேள்விகள் போதும். உலகத்தில் உள்ள எவரையும் தனியே பிரித்துவிடலாம்!

2010-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் எலக்ட்ரானிக் ஃபிராண்டியர் ஃபவுண்டேஷனைச் சேர்ந்த பீட்டர் எக்கர்ஸ்லி இதைச் சோதித்து முடிவை வெளியிட்டார். தாமாக முன்வந்து அவர்களது சோதனைத் தளத்துக்கு வந்த 4,70,161 உலாவிகளில் 83.6 விழுக்காடு, வேறெதனுடனும் ஒத்துப் போகாத தனி அடையாளம் கொண்டிருந்தன. உலாவி வெளியிடும் சில்லறைச் செய்திகளிலேயே 18 பிட்டுக்கு மேற்பட்ட தகவல் இருந்தது. அதாவது, இரண்டரை இலட்சம் பேரில் ஒருவரைப் பிரித்துக் காட்டும் அளவு. விரல் ரேகையைத் துடைப்பத்தால் பெருக்கித் தள்ள முடியுமா? பல உலாவிகள் இப்போது இத்தகைய செய்திகளைக் குறைத்தே வெளியிட முயல்கின்றன. ஆயினும் இப்போட்டி முடிந்துவிடவில்லை.

'மறைக்க என்ன இருக்கிறது?'

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "நான் ஒரு தவறும் செய்வதில்லை, எனக்கு மறைக்க என்ன இருக்கிறது?" என்று சொல்வோர் பலர். உங்களில் சிலரும் அப்படி நினைக்கலாம். இக்கருத்தை நான் ஏற்கவில்லை.

வகுப்பில் ஆய்வு அதிகாரி வந்து பின்வரிசையில் அமர்ந்திருக்கும் நாளை நினைத்துப் பாருங்கள். அன்று யாராவது சந்தேகம் கேட்பதுண்டா? அன்று நீங்கள் தவறு செய்துவிடவில்லை. ஆனாலும் வாய் திறப்பதில்லை. பார்க்கப்படுகிறோம் என்ற எண்ணமே கேள்வியை அடக்கிவிடுகிறது. என் மாணவனுக்கு நேர்ந்த உண்மையான நட்டம், தந்தை அந்த விளம்பரத்தைப் பார்த்தது அன்று. அதன் பின் இரண்டு மாதங்கள் அவன் தன் குறையைப் பற்றி ஒரு வரிகூடத் தேடிப் படிக்கவில்லை. தனக்கு உதவக்கூடிய அறிவின் பக்கமே போக அஞ்சினான். இதுவே நட்டம்.

அறிவியல் என்பது கேள்வியில் பிறப்பது. சில கேள்விகளை மேடையில் கேட்கலாம். சிலவற்றை ஆசிரியரிடம் கேட்கலாம். சிலவற்றைத் தனியே, எவரும் அறியாமல் கேட்டுப் பார்க்கத்தான் துணிவு வரும். உடலைப் பற்றி, மனத்தைப் பற்றி, தேர்வில் தோற்றதைப் பற்றி, நம்பிக்கையைப் பற்றி உங்கள் வயதில் எழும் கேள்விகளில் பல அத்தகையவை. அந்தத் தனிமையைக் காப்பது குற்றத்தை மறைப்பது ஆகாது. கேள்வி கேட்கும் உரிமையைக் காப்பதாகும்.

"விளம்பரம் இல்லாவிட்டால் இலவசமாகப் படிக்கக் கிடைக்குமா?" என்று கேட்கலாம். விளம்பரம் இருக்கட்டும். கிரிக்கெட் பக்கத்தில் மட்டைக்கு விளம்பரம் போடுவதற்கு, படிப்பவர் நேற்றிரவு எதைத் தேடினார் என்ற பேரேடு தேவையில்லை. நாளிதழ்கள் இரண்டு நூற்றாண்டுகளாக அப்படித்தானே விளம்பரம் வெளியிட்டன?

நம் நாட்டின் சட்டமும் இந்தப் பக்கமே நிற்கிறது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24 அன்று ஒருமித்துத் தீர்ப்பளித்தனர். 2023-இல் நிறைவேறிய தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவரைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும், அவரைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும், சில விலக்குகளுக்கு உட்பட்டுத் தடுக்க வகை செய்கிறது. ஆனால் 1997-இன் விதி ஏட்டோடு நின்ற கதையை இப்போதுதான் பார்த்தோம். ஆகவே கதவை நாமும் தாழிடுவோம்.

செய்ய வேண்டியவை

முதலாவது, உலாவியின் அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குச் சென்று மூன்றாம் தரப்புக் குக்கிகளைத் தடுத்துவிடுங்கள். பெருக்குவதைவிடக் குப்பை வராமல் தடுப்பது மேல் அல்லவா?

இரண்டாவது, அழிக்கும்போது பார்த்த பக்கங்களின் பட்டியலோடு நிறுத்தாமல், குக்கிகள், தளத் தரவுகள் என்று உள்ளவற்றையும் சேர்த்து அழியுங்கள். அதற்கு முன் வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு தளமும் மீண்டும் கடவுச்சொல் கேட்கும். அது நினைவில் இல்லையென்றால் உங்கள் பாடு திண்டாட்டம்தான்!

மூன்றாவது, ஒரே கணிப்பொறியை வீட்டார் அனைவரும் பயன்படுத்தினால், ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் கணக்கு ஏற்படுத்துங்கள். அக்காளின் டோக்கன் தம்பியின் பையில் இராது.

நான்காவது, தனிப்பட்ட ஒன்றைத் தேடும்போது, உங்கள் கணக்கில் நுழையாமல், உலாவியின் தனிச் சாளரத்தைத் திறந்து தேடுங்கள். அதை மூடியவுடன் அப்போது சேர்ந்த குக்கிகள் அழிந்துவிடும். ஆனால் அது மந்திரப் போர்வை அன்று. இணைய இணைப்பு தருபவருக்கும், நீங்கள் சென்ற தளத்துக்கும் உங்கள் இணைப்பின் முகவரி தெரியவே செய்யும்.

ஐந்தாவது, 'உங்கள் கணிப்பொறியில் ஆபத்தான கோப்புகள் ஒளிந்துள்ளன. உடனே சுத்தம் செய்க' என்று மிரட்டும் நிரல்களை நம்பி நிறுவாதீர்கள். அவாஸ்ட் என்ற புகழ்பெற்ற பாதுகாப்பு நிரலின் நிறுவனம், பின்தொடர்வோரைத் தடுப்பதாகச் சொல்லிக்கொண்டே, பயன்படுத்துவோர் பார்த்த பக்கங்களின் விவரங்களைத் துணை நிறுவனம் ஒன்றின் மூலம் விற்றது என்று அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் குற்றம் சாட்டியது. 2024-இல் அந்நிறுவனம் ஒரு கோடியே 65 இலட்சம் டாலர் செலுத்த நேர்ந்தது. துடைப்பம் உங்கள் உலாவியிலேயே இருக்கிறது. வெளியே தேட வேண்டாம்.

இறுதியாக ஒரு சோதனை. இன்று மாலை குக்கிகள் அனைத்தையும் அழித்துவிட்டு, ஒரே ஒரு செய்தித் தளத்தை மட்டும் திறந்து பாருங்கள். பின் அமைப்புகளுக்குச் சென்று, எத்தனை தளங்களின் பெயரில் குக்கிகள் சேர்ந்துள்ளன என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் தரப்புக் குக்கிகளைத் தடுத்த பிறகு அதே சோதனையை மறுபடியும் செய்யுங்கள். இரண்டு எண்களையும் வகுப்பில் நண்பர்களுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். யாருடைய சொல்லையும் நம்ப வேண்டியதில்லை, என் சொல்லையும் கூட. அளந்து பார்த்து முடிவுக்கு வாருங்கள்.

என் மாணவன் அப்படித்தான் அளந்து பார்த்தான். விட்ட இடத்திலிருந்து மீண்டும் படிக்கத் தொடங்கியிருக்கிறான்.