ஆர்ட்டிஸ்ட் பணியிடத்தை ஏன் மூடினீர்கள்?

தாவரவியல் துறை ஒன்றில் என் பதவியின் பெயர் ‘ஆர்ட்டிஸ்ட்-கம்-போட்டோகிராபர்’. ஆசிரியர் கணக்கிலும் வராது, ஆபீஸ் கணக்கிலும் வராது. நான் ஓய்வு பெற்றதும் அந்தப் பணியிடத்தை நிரப்பவில்லை. மைக்ராஸ்கோப்பிலேயே கேமரா வந்துவிட்டதே, இனி ஓவியர் எதற்கு என்றார்கள்.

இப்போது அதே வட்டாரத்தில் கலையும் அறிவியலும் கைகோக்க வேண்டும் என்று கருத்தரங்கு போடுகிறார்கள். பெர்த் நகரில், மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் உடற்கூறியல் துறைக்குள் 2000-இல் ‘சிம்பயோட்டிகா’ தொடங்கி, கலைஞர்கள் திசு வளர்க்கப் பழகியதைச் சொல்கிறார்கள். ஜெனீவாவின் செர்ன் ஆய்வகம் கலைஞர்களை அழைத்துத் தங்கவைப்பதைச் சொல்கிறார்கள். நல்லதுதான். ஆனால் பேச்செல்லாம் விருந்தாளியாக வந்துபோகும் கலைஞரைப் பற்றியே. மாதச் சம்பளத்துக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருப்பவரைப் பற்றிப் பேச ஆளில்லை.

பக்கத்து மேசையில் ஓவியர் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். செரோபீஜியா என்றொரு கொடி, எருக்குக்குச் சொந்தம். உலர்த்தி ஹெர்பேரியம் தாளில் ஒட்டிய அதன் பூ தொட்டால் நொறுங்கும். வெந்நீரில் ஊறவைத்து, ஊசியால் பிரித்து, மைக்ராஸ்கோப்பில் கேமரா லூசிடாவை மாட்டினால், கண்ணுக்குப் பூவும் பென்சில் நுனியும் ஒன்றாகத் தெரியும். ஒரு ஆய்வு மாணவி, பூவின் நடுவிலுள்ள வெளிக் கொரோனா என்ற மகுடத்துக்குப் பத்து மடல் என்று எழுதியிருந்தார். நான் வரையப் போனால், இரண்டிரண்டு மடலின் கோடு அடியில் போய்ச் சேர்ந்துகொள்கிறது.

“ஏம்மா, இது பத்தா, இல்ல அஞ்சுதான் பிளந்து கிடக்கா?”

“பத்துதான் சார், எண்ணிட்டேன்.”

“நுனியில எண்ணினா பத்துதான். அடியில பாரு.”

இன்னொரு பூவை ஊறவைத்துப் பிரித்தோம். ஐந்தேதான், ஒவ்வொன்றும் ஆழமாக இரண்டாகப் பிளந்திருந்தது. அந்தப் பேரினத்தில் ஒரு இனத்திலிருந்து இன்னொன்றைப் பிரித்தறியப் பார்க்கும் இடங்களில் கொரோனா முக்கியமானது. எழுதுகிறவர் ‘பத்து மடல்’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம். வரைகிறவனுக்கு அந்த வசதி இல்லை. கோட்டை எங்காவது கொண்டுபோய்ச் சேர்த்தாக வேண்டும்.

போட்டோவை நான் குறை சொல்லவில்லை, எடுத்ததும் நான்தானே. போட்டோ ஒரு பூவை, அன்றைக்கு இருந்தபடி, பூச்சி தின்ற இதழோடு காட்டும். படம் நாலைந்து மாதிரிகளைப் பார்த்து, அந்த இனம் எப்படி இருக்கும் என்று காட்டும்.

அந்த மாணவியின் கட்டுரை அச்சாகி வந்தது. நன்றியுரையில் ‘ஓவிய உதவிக்கு’ என்றிருந்தது. யாருடைய உதவி என்று இல்லை.

ராபர்ட் வைட் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி டாக்டர் 1838 முதல் 1853 வரை சென்னையிலிருந்து இந்தியத் தாவரங்களின் படத்தொகுதியை வெளியிட்டார். மொத்தம் 2,101 படங்கள். அவருக்கு வரைந்தவர்கள் ரங்கய்யாவும் கோவிந்துவும். அவர்கள் பெயர் படத்தடியிலேயே அச்சானது. 1853-இல் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே ‘கோவிந்தூயா’ என்று பெயர் வைத்தார் வைட். பிறகு அதை டிராபிடியாவோடு சேர்த்துவிட்டார்கள். வகைப்பாட்டில் அது சகஜம். வெள்ளைக்கார துரை என்ன சம்பளம் கொடுத்தார், சமமாக நடத்தினாரா என்பது தனி வழக்கு. பெயரைப் போட்டார்.

நான் கேட்பது பெரிய திட்டம் எதுவும் இல்லை. சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே படித்து வருகிறவர்களை இந்தப் பணியிடங்களில் போடுங்கள். கட்டுரை முடிந்த பிறகு ‘ஒரு படம் போட்டுக் கொடுங்க’ என்று வராமல், மாதிரியைப் பிரிக்கும்போதே கூப்பிடுங்கள். அவர்கள் கண்டுபிடித்தது கட்டுரையில் இருந்தால், ஆசிரியர் வரிசையில் பெயரைச் சேருங்கள். செலவைக் குறைத்தே ஆகவேண்டும் என்றால், பதவிப் பெயரிலிருந்து ‘போட்டோகிராபரை’ வெட்டிவிடுங்கள். அந்த வேலைக்குத்தான் ஆளுக்கொரு செல்போன் இருக்கிறதே.