வயதேறிய ஆமைகள்

1984-இல் கெவின் ஈஸ்ட்மன், பீட்டர் லேர்ட் எனும் அமெரிக்கச் சித்திரக்காரர் இருவர் கறுப்பு வெள்ளையில் வெளியிட்ட நிஞ்ஜா ஆமைகளின் முதல் இதழிலேயே பகைவன் ஷ்ரெடர் மாண்டுபோகிறான் என்பதையும், 1987-இல் தொலைக்காட்சி கண்ட பின்னரே அவை பிட்ஸா தின்னும் பாலர்தம் தோழர்களாய், வீடியோ விளையாட்டுகளாய்ப் பெருகின என்பதையும் அறிந்தோர்க்கு, 2020-இல் தொடங்கிய அவற்றின் ‘தி லாஸ்ட் ரோனின்’ சித்திரக்கதைத் தொடர் ஒருவகையில் பூர்வாசிரமப் பிரவேசமே. ரசிகனுக்கு வயதேறியதும் ரத்தத்தை மிகுதியாக்கினாற் போதுமென்று எண்ணும் பதிப்பாளர் உண்டு. இந்நூலிலும் ரத்தத்துக்குப் பஞ்சமில்லைதான். ஆயினும் என் உள்ளத்தைத் தொட்டது வேறு: சகோதரர் மூவரும் குருவும் மாண்டபின், அவர்தம் ஆயுதங்களையெல்லாம் சுமந்து கறுப்பு முகமூடியோடு தனித்துத் திரிபவன், நால்வருள் ஓயாது சிரித்த மைக்கேலாஞ்சலோ என்பது இத்தொடரின் முதலிதழின் இறுதியிலேயே வெளிப்படுகிறது. அச்சிரிப்பு அடங்கிய மௌனத்தின் பாரம் பழைய சிரிப்போடு வளர்ந்தவனுக்கே விளங்கும். ஆகவே இதனைப் பாலர் பதிப்புகளோடு ஒரே அலமாரியில் அடுக்கும் விற்பனையாளரை நான் ஆதரிக்கவில்லை.