தகடூர்க் கள்ளுக்கும் ஒரு முத்திரை வேண்டும்

அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்று 235ஆம் பாட்டை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். கொஞ்சமாகக் கள் கிடைத்தால் புலவருக்கே கொடுத்துவிடுவானாம். நிறையக் கிடைத்தால் அவர்கள் பாட, மிச்சத்தைத் தான் மகிழ்ந்து உண்பானாம். அவனுடைய தகடூர்தான் நம் தருமபுரி. அங்கே இன்று கள் இறக்குவது குற்றம்.

1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி மதுவிலக்கைத் தொடங்கிய சேலம் மாவட்டத்தில்தான் அப்போது நாமும் இருந்தோம். பிறகு சட்டம் தளர்ந்தது, இறுகியது. 1987 முதல் கள்ளுக்குத் தடை. டாஸ்மாக்கில் பிராந்திக்குத் தடையில்லை. இதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

தடைக்குப் பதில் விதி எழுதிய இடமும் உண்டு. ஸ்பெயினின் ரியோகா வட்டாரத் திராட்சை மதுவுக்கு 1925இலேயே அரசு அங்கீகாரம் கிடைத்தது. ‘கிரியான்சா’ என்று முத்திரை ஒட்டிய சிவப்பு மது, ஓராண்டாவது ஓக் பீப்பாயில் கிடந்திருக்க வேண்டும். மண்ணும் பக்குவமும் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கின்றன.

நம் கள்ளுக்கும் அப்படி ஒரு முத்திரை தரலாம். அதற்குப் பீப்பாய் வேண்டாம். பாளையைச் சீவிக் கலயம் கட்டி, உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாவிட்டால் தானே புளித்துக் கள். மறுநாளைக்குத் தாங்காது. ஆகவே இறக்கிய ஊரில், இறக்கிய அன்றே விற்க வேண்டும் என்று விதி எழுதலாம். கலப்பட பயம் நியாயமானது. அதற்காகத்தான் மரத்துக்கு எண்ணும், ஏறுபவருக்கு உரிமமும், ஊருக்கொரு கூட்டுறவுச் சங்கமும் கேட்கிறேன். கேரளத்தில் உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் நடக்கின்றனவே!

என் தாத்தா பனையேறியவர்; மார்பெல்லாம் காய்ப்பு. பென்னாகரம், அரூர் வட்டங்களில் ஒரு பருவத்துக்காவது அனுமதித்துப் பாருங்கள், ஏறத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே.