புகார் கொடுத்த பிள்ளைக்கு யார் காவல்?

இது கொஞ்சம் நீளமான பதிவு. இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

நம் வடக்கனந்தல், கச்சிராயபாளையம் பக்கத்திலிருந்தும் மலை ஊர்களிலிருந்தும் திருப்பூர், கோயம்புத்தூர் என்று வேலைக்குப் போன பிள்ளைகள் அவ்வப்போது எனக்குப் போன் செய்வார்கள். முன்பெல்லாம் பி.எஃப். பற்றிக் கேட்பார்கள், மருத்துவ அட்டை பற்றிக் கேட்பார்கள். இப்போது அடிக்கடி வரும் கேள்வி: "டீச்சர், புகார் கொடுத்தா வேலை போயிடுமா?"

வேலை போய்விட்டால்கூடப் பரவாயில்லை, அதற்கு வழக்கு உண்டு. நடப்பது வேறு. மேற்பார்வையாளர் அசிங்கமாகப் பேசுகிறார் என்று ஒரு பெண் எழுதிக் கொடுத்தாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. மறுவாரம் தையல் மெஷினிலிருந்து எழுப்பி வேறு பிரிவுக்கு அனுப்பினார்கள். ஓவர்டைம் நின்றது. கழிப்பறைக்குப் போனால் கடிகாரம் பார்த்தார்கள். கம்பெனி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்த தோழி பின் சீட்டுக்குப் போய்விட்டாள். இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவளாகவே நின்றுவிட்டாள். பதிவேட்டில் "சொந்தக் காரணங்களுக்காக விலகினார்" என்று எழுதியிருப்பார்கள். இதை எந்தக் கோர்ட்டில் போய் நிரூபிப்பது?

பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. ராஜஸ்தானில் அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் ஊழியராக இருந்தவர் பன்வாரி தேவி. ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனார். அதற்குப் பழிதீர்க்கத் தன்னைக் கூட்டு வன்கொடுமைக்கு ஆளாக்கினார்கள் என்று 1992இல் புகார் கொடுத்தார். அதன் தொடர்ச்சியாகப் பெண்கள் அமைப்புகள் போட்ட வழக்கில்தான் 1997இல் உச்ச நீதிமன்றம் விசாகா வழிகாட்டுதல்களைத் தந்தது. பதினாறு வருடம் கழித்து அது சட்டமானது. தன் வேலையைச் செய்ததற்காகப் பழிவாங்கப்பட்ட ஒரு பெண்ணின் கதையிலிருந்து பிறந்த சட்டம் அது. அதில், புகார் கொடுத்த பிறகு பழிவாங்குவது தனிக் குற்றம் என்று ஒரு பிரிவு இல்லை. எனக்கு இது ஆறவே மாட்டேன் என்கிறது.

என்ன இருக்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் இடத்தில் உள்புகார்க் குழு இருக்க வேண்டும். அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். பத்துக்குக் குறைந்த இடமென்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். விசாரணை நடக்கும்போது, அந்தப் பெண் எழுதிக் கேட்டால், இருவரில் ஒருவரை இடம் மாற்றலாம். அவளுக்கு 3 மாதம் வரை விடுப்பு தரலாம். இருவரில் யாரை மாற்றுவது கம்பெனிக்குச் சுலபம் என்று நான் சொல்லத் தேவையில்லை. விசாரணை முடிந்த மறுநாள் என்ன ஆகும் என்பதற்கு அதில் பதில் இல்லை.

"எல்லாப் புகாரும் உண்மையா என்ன?" என்று நம் உறவுக்காரர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அதே சட்டத்தின் 14ஆவது பிரிவு அதற்காகவே இருக்கிறது. தெரிந்தே பொய்ப்புகார் கொடுத்தால் நடவடிக்கை உண்டு. நிரூபிக்க முடியவில்லை என்பதற்காக மட்டும் பொய்ப்புகார் ஆகிவிடாது என்றும் எழுதியிருக்கிறார்கள். பொய் சொல்பவருக்கு ஒரு பிரிவு எழுதத் தெரிந்தவர்களுக்கு, பழிவாங்குபவருக்கும் ஒன்று எழுதத் தெரியாதா?

தொழில் தகராறு சட்டம் கொஞ்சம் பரவாயில்லை. சமரச அதிகாரியிடமோ தீர்ப்பாயத்திலோ வழக்கு நடக்கும்போது, அதோடு தொடர்புள்ள காரணத்துக்காக அனுமதி இல்லாமல் தொழிலாளியை நீக்கக் கூடாது என்பது 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆவது பிரிவு. பழிவாங்கும் நோக்கில் வேலை நீக்கம் செய்வதும், கெட்ட எண்ணத்தோடு இடம் மாற்றுவதும் முறையற்ற செயல் என்று பட்டியலே உண்டு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்பிலும் இவை தொடர்கின்றன. சங்கம் இல்லாவிட்டாலும், நீக்கப்பட்டவர் தனியாளாகவே வழக்குக்குப் போகலாம்; ஆனால் முன்பு 3 வருடமாக இருந்த கெடு இப்போது 2 வருடம். இதை நினைவில் வையுங்கள். பாதுகாப்பு, வழக்கு தொடங்கிய பிறகுதான் வருகிறது. நம் பிள்ளை புகார் கொடுத்த நாளுக்கும் வழக்கு பதிவாகும் நாளுக்கும் நடுவில் அல்லவா நொறுங்கிப் போகிறாள்?

என் வயதுக்காரர்களுக்கு 2003 ஜூலை நினைவிருக்கும். வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள் சுமார் 1,70,000 பேர் டெஸ்மா சட்டத்தில் ஒரே வீச்சில் நீக்கப்பட்டார்கள். உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு வேலைநிறுத்த உரிமையே இல்லை என்று ஆகஸ்ட் 6ஆம் தேதி தீர்ப்புச் சொன்னது. சட்டம் கைகொடுக்கவில்லை. இருந்தும் பெரும்பாலானவர்கள் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துத் திரும்ப வேலைக்கு வந்தார்கள். அத்தனை பேரும் இல்லாமல் பள்ளிக்கூடமும் தாலுகா ஆபீசும் எப்படி நடக்கும்? மில்லில் தனியாக நிற்கும் பெண்ணுக்கு அந்தப் பலம் கிடையாது. அவள் மெஷினில் மத்தியானத்துக்குள் வேறொருத்தி உட்கார்ந்துவிடுவாள்.

அந்தத் தனிமையைத்தான் திண்டுக்கல்லில் உடைத்தார்கள். 2021 ஜனவரியில் அங்கே ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த 20 வயது தலித் பெண் கொல்லப்பட்டாள். மேற்பார்வையாளர் கைதானார். பல மாதமாகத் தொல்லை கொடுத்தார், வெளியே சொல்லப் பயந்தாள் என்றார்கள் வீட்டார். பெண்கள் தலைமையில் நடக்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் விடாமல் நின்று, 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. எச் அண்ட் எம், கேப் போன்ற வெளிநாட்டுக் கம்பெனிகளும் கையெழுத்திட்டன. 25 தொழிலாளருக்கு ஒருவர் வீதம் தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர். புகார் கொடுத்தவரைப் பழிவாங்கக் கூடாது என்று வெளிப்படையாகவே எழுதி வைத்தார்கள். மீறினால் ஆர்டர் போகும். அபராதத்துக்கு அஞ்சாத முதலாளியும் ஆர்டருக்கு அஞ்சுவார். ஒரு தொழிற்சங்கத்தால் எழுத முடிந்த வரியை நாடாளுமன்றம் எழுதினால் எல்லா மில்லுக்கும் பொருந்துமே.

என் மாணவர்களில் மனிதவளப் பிரிவில் உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு. உங்களைத்தான் கேட்கிறேன். புகார் கொடுத்தவரின் பிரிவையோ ஷிஃப்ட்டையோ ஆறு மாதத்துக்குப் புகார்க் குழுவுக்குத் தெரியாமல் மாற்றக் கூடாது என்று உங்கள் கம்பெனி விதியில் சேர்க்கச் சொல்லுங்கள். அதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை. ஒரு சுற்றறிக்கை போதும்.

வேலைக்குப் போன பிள்ளைகளுக்கு: புகாரை வாயால் சொல்லாதீர்கள். எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். அதற்கு முந்தைய மூன்று மாதச் சம்பளச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். ஓவர்டைம் எப்போது நின்றது என்பதற்கு அதுதான் சாட்சி. முடிந்தால் இரண்டு பேராகக் கையெழுத்துப் போடுங்கள். கடிதம் எழுத வரவில்லை என்றால் தமிழில் எழுதி எனக்கு அனுப்புங்கள். பிழை திருத்தி அன்று மாலைக்குள் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.