எலிக்கு ஆனது நமக்கும் ஆகுமா?

சென்ற திங்கள் ஊரிலிருந்து பெரியப்பா தொலைபேசியில் அழைத்தார். ஈரோட்டுப் பக்கத்தில் மஞ்சள் பயிரிடுபவர் அவர். சில ஆண்டுகளாகச் சிறுநீரகம் தளர்ந்து மருந்து உண்டு வருகிறார். “ஏங்கண்ணு, மஞ்சள் கிட்னியைக் காப்பாத்துதுன்னு உங்க படிப்புக்காரங்க கண்டுபிடிச்சிருக்காங்களாமே? நம்ம வீட்டிலேயே மூட்டை மூட்டையாக் கிடக்குது. இனி மாத்திரை எதுக்கு?” என்றார்.

நான் திடுக்கிட்டேன். ஏனெனில் அவர் கேள்விப்பட்டது முழுப் பொய்யன்று. அரை உண்மை. அதனால்தான் அஞ்சினேன்.

தோழர்களே, அந்த உண்மையை முதலில் பார்ப்போம். 1 முதல் 100 நானோமீட்டர் வரை அளவுள்ளவை நானோத் துகள்கள். தலைமயிரின் பருமன் ஏறக்குறைய 80,000 நானோமீட்டர் என்றால் இவற்றின் சிறுமை விளங்கும். புண்ணுக்குக் கட்டும் துணியில் வெள்ளித் துகளும், வெயிற்களிம்பில் துத்தநாக ஆக்சைடும் இன்று புழங்குகின்றன. உணவுக்கு வெண்ணிறமூட்டிய டைட்டானியம் டை ஆக்சைடை ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் விலக்கியது.

நம் சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு 180 லிட்டர் அளவில் நீர்மத்தை வடிகட்டுகின்றன. ஓயாத அந்த உழைப்புக்கு ஆற்றல் மிகுதியாக வேண்டும். அதனால் அங்குள்ள நுண்குழல் உயிரணுக்களில் மைட்டோகாண்டிரியா நிறைந்திருக்கும். துகள்கள் அங்கே சேர்ந்தால், நிலைகொள்ளாத ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகி உயிரணுவை அரிக்கின்றன. மஞ்சளிலுள்ள குர்குமின், வெங்காயத்திலுள்ள குவர்செட்டின் போன்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பிகள் இவ்வரிப்பைத் தணிக்கின்றன; உயிரணுவின் சொந்தக் காப்பையும் தூண்டுகின்றன. எலிகளில் இது பல முறை காணப்பட்டதே.

ஆனால் அச்சோதனை எப்படி நடக்கிறது? எலிகளை நான்கு கூட்டமாகப் பிரிப்போம். ஒன்றுக்கு எதுவும் இல்லை, ஒன்றுக்குத் துகள் மட்டும், ஒன்றுக்குச் செடிச்சாறு மட்டும், ஒன்றுக்கு இரண்டும். நான்காம் கூட்டத்தின் இரத்தத்தில் கிரியேட்டினின் குறைந்திருந்தால் ‘காத்தது’ என்று எழுதுவோம். பெரும்பாலும் சாறு கொடுக்கப்படுவது நஞ்சுக்கு முன்போ, நஞ்சுடனோதான். வெள்ளத்துக்கு முன் கட்டிய கரை வேறு; வெள்ளம் புகுந்த வீட்டை மீட்பது வேறு அன்றோ? அந்த எலியும் நோயற்ற இளம் எலி. என் பெரியப்பாவோ அறுபதைக் கடந்தவர். சர்க்கரை நோயும் உடையவர்.

அளவையும் எண்ணுங்கள். எலிக்குக் கிலோவுக்கு 200 மில்லிகிராம் சாறு என்றால், வழக்கமான கணக்கின்படி 60 கிலோ மனிதருக்கு அது நாள்தோறும் ஏறக்குறைய 2 கிராம். குழம்பில் போடும் மஞ்சளோடு, செறிவாக்கிய இந்தச் சாற்றை ஒப்பிடலாமா? குர்குமினோ குடலில் மிகச் சிறிதே உறிஞ்சப்படுகிறது. மறுபுறம், மஞ்சளில் கரையும் ஆக்சலேட் உண்டு. அளவுமீறி உண்டவர்களின் சிறுநீரகத்தில் ஆக்சலேட் படிந்து கேடு விளைந்ததை மருத்துவ ஏடுகள் பதிவு செய்துள்ளன.

எலியைத் தாண்டி மனிதரிடம் வந்தபோது நடந்ததும் நமக்குப் பாடம். பல செடிகளிலுள்ள ஒலியனோலிக் அமிலத்தை மாற்றியமைத்து பார்டாக்சலோன் என்ற மருந்தை ஆக்கினார்கள். உயிரணுவின் காப்பைத் தூண்டும் மருந்து அது. சர்க்கரை நோயால் சிறுநீரகம் கெட்ட 2,185 பேரிடம் அதைச் சோதித்தார்கள். இதயத் தளர்ச்சி மிகுந்ததால் 2012-இல் அச்சோதனையை நிறுத்த நேர்ந்தது.

‘செடிதானே, என்ன செய்துவிடும்?’ என்போருக்குப் பெல்ஜியம் விடை சொல்லும். 1990-களின் தொடக்கத்தில் பிரசல்சில் உடல் இளைக்க மூலிகை உண்ட பெண்களில் நூற்றுக்கு மேற்பட்டோரின் சிறுநீரகம் கெட்டது. ஒரு மூலிகைக்கு மாறாக அரிசுடலோக்கியா இனச் செடி கலந்துவிட்டதே காரணம். நம் ஊர் ஆடுதின்னாப்பாளையும் அதே இனத்தைச் சேர்ந்ததே.

செடிகளை இகழ்வது என் நோக்கமன்று. அவற்றை ஆராய்வதற்காகத்தான் இவ்வளவு தொலைவு வந்திருக்கிறேன். ஆய்வேட்டின் தலைப்பில் ‘எலிகளில்’ என்ற சொல் இருக்கிறது. வாட்சப்பில் ஊர் போய்ச் சேர்வதற்குள் அது உதிர்ந்துவிடுகிறது. அதை உதிரவிடுவோரில் நாமும் இருக்கிறோம் என்பதே என் குறை. ‘நம் முன்னோர் அன்றே அறிந்தனர்’ என்று விடுதி உணவறையில் பெருமை பேசுகிறோம். ‘யாருக்கு, எவ்வளவு, எப்போது கொடுத்தார்கள்?’ என்று கேட்பதில்லை. அறிவியல் பயிலும் நாமே கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்? நம் ஆய்வுகளிலும் ஐந்தாவது ஒரு கூட்டம் வேண்டும்: நஞ்சு தாக்கிய பின்பு சாறு பெறும் கூட்டம்.

“குழம்புக்கு மஞ்சள் போடுங்க பெரியப்பா, டாக்டரைக் கேக்காம மாத்திரையை மட்டும் நிறுத்தாதீங்க” என்றேன். சற்று நேரம் பேச்சில்லை. “அப்போ இன்னும் தெரியலைன்னு சொல்றியா கண்ணு?” என்றார். ஆம் என்றேன். மாத்திரையை விடவில்லை என்று பெரியம்மா மறுவாரம் சொன்னார்.

விடுமுறைக்கு எல்லோரும் ஊர் போகிறோம். நம்மைப் படித்தவர் என்று நம்பிக் கேட்பவர்கள் அங்கே உண்டு. அவர்களுக்கு முழு உண்மையைச் சொல்வோம்.